வெயில் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு மூலிகை: பகலில் துணி, சாயங்காலம் மருந்து

நாகர்கோவில் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை நான். காலையில் டிரில், மதியம் கோ-கோ, சனிக்கிழமையானால் போட்டி என்று மைதானத்திலேயே நிற்கிற வேலை. ஆனால் என் தோலுக்கு வெயில் ஆகாது. மாசி கடைசியில் வெயில் ஏறத் தொடங்கியதும் முன்கையிலும் பிடரியிலும் கழுத்துக்குக் கீழே துணி மறைக்காத இடத்திலும் பொடிப் பொடியாகத் தடித்து, ராத்திரியெல்லாம் அரிக்கும். தோல் டாக்டர் பார்த்துவிட்டு 'பாலிமார்ஃபிக் லைட் இரப்ஷன்' என்றார். நம் நாட்டில் நிறையப் பேருக்கு இருப்பதுதானாம், ஒட்டாதாம். வெயிலைக் குறைத்து, வந்தால் ஆற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் என்றார்.

எங்கள் மாவட்டம் திருவிதாங்கூரிலும், பிறகு 1956 வரை திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்திலும் இருந்தது. அதனால் இங்கே ஆயுர்வேதம் வீட்டுப் பழக்கம். குழந்தைக்குப் பூச நால்பாமராதி எண்ணெய், தலைக்கு ஒரு எண்ணெய், இருமலுக்கு ஒரு கஷாயம் என்று எல்லா வீட்டிலும் குப்பிகள் இருக்கும். நானும் தோல் டாக்டரோடு கூடவே ஒரு ஆயுர்வேத டாக்டரம்மாவிடம் காட்டி வருகிறேன். அவரிடம் கற்றதில் முக்கியமானது இது: வெயில் ஒத்துக்கொள்ளாத தோலுக்கு மூலிகை வேலை செய்கிற நேரம் சாயங்காலமும் இரவும்தான். பகலில் காப்பாற்றுவது நிழலும் துணியும். பகலில் மூலிகையைப் பூசிக்கொண்டு வெயிலில் இறங்கினால், சில மூலிகைகள் தோலைச் சுட்டேவிடும். 'இயற்கைதானே, என்ன செய்துவிடப் போகிறது' என்று என் மாணவிகளும் அவர்கள் அம்மாக்களும் சொல்லும்போது எனக்குப் பதற்றமாக இருக்கிறது. அதனால்தான் இதை எழுதுகிறேன். பூச வேண்டியதைப் பார்க்கும் முன் பூசக் கூடாததைப் பார்த்துவிடுவோம்.

முதலில் குளியல் பொடி டப்பாவைத் திறந்து பாருங்கள்

டாக்டரம்மா வெயில் தொந்தரவு என்று யார் வந்தாலும், குளிக்கிற பொடியையும் முகத்துக்குப் போடுகிறதையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்வார். அவர் தேடுவது கார்போக அரிசி. பெயரில்தான் அரிசி, உண்மையில் அது கறுப்பாக, சிறுநீரக வடிவில் இருக்கிற சின்ன விதை. வடமொழியில் பாகுசி என்பார்கள். நாட்டு மருந்துக் கடையில் 'நலங்கு மாவு சாமான்' என்று கட்டித் தருகிற பொட்டலத்தில் பெரும்பாலும் இதுவும் இருக்கும். நல்ல வாசனை, அரிப்புக்கும் படைக்கும் கேட்கும் என்று சேர்க்கிறார்கள்.

இந்த விதையில் சோரலென் என்ற பொருள் இருக்கிறது. அது தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்ததுபோல் சிவக்கும், கொப்புளிக்கும், பிறகு கறுக்கும். வெண்புள்ளிக்கு பாகுசி மருந்தைக் கொடுத்து வெயில் காட்டச் சொல்வது இந்தக் குணத்தை வைத்துத்தான். ஆங்கில மருத்துவத்திலும் சோரலென் கொடுத்து விளக்கொளி காட்டுகிற சிகிச்சை உண்டு. வெண்புள்ளிக்கு மருத்துவர் அளவு பார்த்துக் கொடுக்கும்போது அது மருந்து. வெயிலே ஆகாத ஒருத்தர் கிழங்கு மாவோடு குழைத்து முகத்தில் பூசி, மொட்டை மாடியில் காய்ந்தால் அது வம்பு. குளித்துக் கழுவிவிடுகிற பொடியில் ஆபத்து குறைவுதான். இருந்தாலும் நமக்கு அது எதற்கு? கடையில் சாமானைப் பொட்டலமாக வாங்காமல் ஒவ்வொன்றாகச் சொல்லி வாங்குங்கள். அரைத்த பொடியில் என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்கவே முடியாது. முகப்பூச்சுகளில் இப்போது வருகிற பாகுச்சியோல் வேறு. அது அதே விதையிலிருந்து பிரித்த இன்னொரு பொருள். நன்றாகச் சுத்தம் செய்திருந்தால் சோரலென் இருக்காது.

அடுத்தது எலுமிச்சை. இதை நேரில் பார்த்திருக்கிறேன். வட்டாரப் போட்டி நாளில் எங்கள் பிள்ளை ஒருத்தி, விளையாடுகிறவர்களுக்கெல்லாம் எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். சாறு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழிந்தது. பாவாடையில் துடைத்துவிட்டு, மதிய வெயிலில் கோட்டோரம் நின்று கைதட்டினாள். அன்று ஒன்றுமில்லை. இரண்டு நாள் கழித்து வந்து கையை நீட்டினாள். சாறு எப்படி வழிந்ததோ அப்படியே இரண்டு கோடு, சிவந்து, நடுவில் கொப்புளம். யாரோ சூடு போட்டுவிட்டார்கள் என்று ஸ்டாஃப் ரூமில் பதறிப்போனார்கள். 'மிஸ், ஒண்ணும் பண்ணலை மிஸ்' என்று அவள் அழுகிறாள். கொப்புளம் வாரத்தில் ஆறியது. பழுப்புக் கோடு அரையாண்டுத் தேர்வு வரை இருந்தது. எலுமிச்சைத் தோலிலும் கார்போக அரிசியில் இருக்கிற அதே வகைப் பொருள்தான். காரியம் உடனே தெரியாது, ஒரு நாள் இரண்டு நாள் கழித்துத்தான் காட்டும். அதனால்தான் யாரும் எலுமிச்சையைச் சந்தேகப்படுவதில்லை.

குடிக்கலாம், தாராளமாகக் குடியுங்கள். பிழிந்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வெயிலுக்குப் போங்கள். கறுப்பு போக எலுமிச்சைத் தோலை முகத்தில் தேய்ப்பதை இன்றோடு விட்டுவிடுங்கள். அருவதா இலைக்கும் இந்தக் குணம் உண்டு. அதைக் கசக்கிய கையோடும் வெயிலில் நிற்க வேண்டாம்.

மூலிகை அல்லாத ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திடீரென்று தோல் வெயிலைத் தாங்காமல் போனால், புதிதாக என்ன மாத்திரை ஆரம்பித்தோம் என்று யோசியுங்கள். பருவுக்குக் கொடுக்கிற டாக்ஸிசைக்ளின், ஐசோட்ரெட்டினாயின், ரத்தக் கொதிப்புக்குத் தருகிற ஹைட்ரோகுளோரோதயசைடு, வலிக்குப் போடுகிற சில மாத்திரைகள் எல்லாம் தோலை வெயிலுக்கு இளக்கிவிடும். நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

பகலில் செய்ய வேண்டியது

நிழலைப் பாருங்கள். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருந்தால் அந்த நேரத்து வெயில் நமக்கு ஆகாது. என் வகுப்புகளுக்கு நான் கடிகாரத்தைவிட இதைத்தான் நம்புகிறேன். நாகர்கோவிலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேலே வருவது ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் கடைசியிலும். ஏப்ரலில் எல்லோரும் உஷாராக இருப்பார்கள். ஆகஸ்ட் 29 தேசிய விளையாட்டு தினத்தையொட்டிப் போட்டிகள் வரும்போதுதான் ஏமாந்துபோகிறோம். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று குளுகுளுவென்று வீசும். உடம்பில் சூடே தெரியாது. ஆனால் தோலைச் சுடுவது சூடு இல்லை, புற ஊதாக் கதிர். காற்று அதைத் தணிக்காது. மெல்லிய மேகமும் முழுக்கத் தடுக்காது. பஸ் ஜன்னல் கண்ணாடி ஒரு வகைக் கதிரை நிறுத்திவிடும், இன்னொரு வகையை உள்ளே விட்டுவிடும். அரிப்புக்கும் மங்குக்கும் அந்த இன்னொரு வகையே போதும்.

துணியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். விரல் தெரிந்தால் அது வெயிலையும் விடும். வெளுத்து நைந்த வெள்ளைக் காட்டனைவிட நெருக்கமாக நெய்த அடர் நிறத் துணி நல்லது. கிரிக்கெட் தொப்பி காதையும் பிடரியையும் மறைக்காது. சுற்றிலும் விளிம்பு உள்ளது வேண்டும். எங்கள் பக்கம் பனையோலைத் தொப்பி கிடைக்கிறது, லேசாகவும் இருக்கும், தலையும் வேகாது. நான் அதுதான் வைத்துக்கொள்கிறேன்.

மூடாத இடத்துக்கு சன்ஸ்கிரீன். மூலிகைக் கட்டுரையில் இது எதற்கு என்று கேட்கலாம். தேங்காயெண்ணெயோ கற்றாழையோ சந்தனமோ வெயிலைத் தடுக்கிற அளவு மிகக் குறைவு. அதை நம்பி மைதானத்தில் நிற்க முடியாது. எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், வாசனை சேர்க்காததாக, ஜிங்க் ஆக்சைடு உள்ளதாக வாங்கினால் இளகிய தோலுக்கும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும் வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும். மங்கு உள்ளவர்களுக்கு லேசான நிறம் கலந்த சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. அதில் இருக்கிற இரும்பு ஆக்சைடு, கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தையும் கொஞ்சம் தடுக்கும்.

சாயங்காலம்

இனி மூலிகைக்கு வருவோம். தோலில் இருந்து நிறத்தையும் ஒளியையும் தருகிற பித்தத்துக்கு ஆயுர்வேதத்தில் பிராஜக பித்தம் என்று பெயர். வெயிலும் சூடும் அதைக் கிளப்பும். எரிச்சல், சிவப்பு, நிற மாற்றம் எல்லாம் அதன் கணக்கில் வரும். அதைத் தணிப்பதுதான் வைத்தியம். சரக சம்ஹிதையில் 50 மருந்துக் கூட்டங்களைச் சொல்கிற அத்தியாயத்தில், எரிச்சலைத் தணிப்பதற்கென்றே பத்துப் பொருள்கள் உண்டு. அதில் முதலாவது நெற்பொரி! பிறகு சந்தனம், வெட்டிவேர், நன்னாரி, சீந்தில், குமிழம்பழம், சர்க்கரை என்று போகும். அந்தப் பட்டியலைப் பார்த்தபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பாதிக்கு மேல் கோட்டாறு கடைத்தெருவில் கிடைக்கிற சாமான்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை தண்ணீர். சன்ஸ்கிரீனையும் வியர்வையையும் கழுவிவிட்டு, சிவந்த இடத்தில் குளிர்ந்த குழாய்த் தண்ணீரை நிதானமாக விடுங்கள், அல்லது நனைத்த துணியைப் போடுங்கள். ஐஸ் வைக்க வேண்டாம். சுட்ட அன்றைக்கே எண்ணெய், நெய், வெண்ணெய் எதையும் பூசாதீர்கள். சூட்டை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும். கொப்புளம் இருந்தால் மூலிகை எதுவும் வேண்டாம், உடைக்கவும் வேண்டாம்.

வெட்டிவேர்த் தண்ணீர் எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு பிடி வேரை மண் போக அலசி, ஒரு லிட்டர் கொதித்த தண்ணீரில் போட்டு மூடி, ஆறியதும் வடிகட்டிக் குளிர்ச்சியில் வையுங்கள். அதில் மெல்லிய வேட்டித் துணியை நனைத்துப் பிழிந்து பிடரியிலும் கையிலும் பத்து நிமிடம் போட்டால் அரிப்பு அடங்குவது தெரியும். இரண்டு நாளுக்கு மேல் வைக்கக் கூடாது. கெட்டுப்போன தண்ணீரை அரிக்கிற தோலில் போட்டால் புண்ணாகும்.

கற்றாழை எல்லோருக்கும் தெரியும், ஆனால் முக்கால்வாசிப் பேர் அவசரப்படுகிறார்கள். மடலை வெட்டியதும் அடியிலிருந்து மஞ்சளாக ஒரு பால் வடியும். அதைக் காய்ச்சி உலர்த்தினால்தான் கரியபோளம் என்கிற பேதி மருந்து. அது தோலில் பட்டால் சிலருக்கு எரியும், தடிக்கும். வெட்டிய மடலைக் கால் மணி நேரம் நிமிர்த்தி வைத்து வடியவிடுங்கள். பிறகு பச்சைத் தோலைத் தாராளமாகச் சீவிவிட்டு, உள்ளே இருக்கிற கண்ணாடிச் சோற்றை ஏழு தண்ணீர் அலசச் சொல்வார்கள் பெரியவர்கள். வழவழப்போடு மஞ்சளும் கசப்பும் போகிற வரை என்று அதற்கு அர்த்தம். பூசி இருபது நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

சந்தனம் என்றால் கட்டையைக் கல்லில் உரைத்து எடுத்தது. டப்பாவில் வருகிற வாசனைப் பொடி இளகிய தோலுக்கு நல்லதில்லை. வாசனைத் தைலம் கலந்த பூச்சால் முகம் கறுத்துப்போகிறவர்கள் உண்டு. நல்ல கட்டை இல்லையென்றால் சந்தனத்தை விட்டுவிடுங்கள், ஒன்றும் குடி முழுகிப் போகாது.

நூறு முறை கழுவிய நெய்

வடமொழியில் சததௌத கிருதம். பழைய வைத்தியத்தின் குளிர்ச்சிப் பூச்சு இது. எரிச்சல் அடங்கிய மறுநாளிலிருந்து, வறண்டு உரிகிற தோலுக்கு இதைவிட நல்லதை நான் பூசியதில்லை. செலவு குறைவு. பொறுமைதான் அதிகம் வேண்டும்.

நல்ல பசு நெய் 100 கிராம், உறைந்ததாக இருக்கட்டும். புளி போட்டுப் பளபளவென்று தேய்த்து, நன்றாகக் கழுவித் துடைத்த செம்புத் தாம்பாளம் ஒன்று. கொதிக்க வைத்து நன்றாக ஆறிய தண்ணீர் பத்து லிட்டர். புளியங்கொட்டை நூறு எண்ணி ஒரு கிண்ணத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கழுவலுக்கும் ஒரு கொட்டையை அடுத்த கிண்ணத்துக்கு மாற்றினால் கணக்குத் தப்பாது.

நெய்யைத் தாம்பாளத்தில் போட்டு அரை டம்ளர் தண்ணீர் விட்டு, உள்ளங்கையால் வட்டமாகத் தேய்க்க வேண்டும். செம்புச் சொம்பின் அடியாலும் தேய்க்கலாம். முதலில் நெய் ஒரு பக்கம், தண்ணீர் ஒரு பக்கம் என்று வழுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நிமிடம் போனதும் தண்ணீர் கலங்கும். அதைச் சாய்த்து வடித்துவிட்டுப் புதுத் தண்ணீர் விடுங்கள். பத்துப் பன்னிரண்டு முறை ஆனதும் மஞ்சள் வெளுக்கத் தொடங்கும். முப்பது நாற்பதில் வெண்ணெய் மாதிரி திரண்டு, கைக்குக் கனம் குறையும். எழுபதைத் தாண்டினால் நெய் வாசனையே இருக்காது. நூறு ஆகும்போது வெள்ளை வெளேரென்று, எண்ணெய்ப் பிசுபிசுப்பு இல்லாமல், அளவும் கூடி இருக்கும். தண்ணீரைத் தனக்குள்ளே பிடித்துக்கொள்வதால் அப்படி ஆகிறது. விரலில் தொட்டு முன்கையில் வைத்தால் அந்த இடம் சில்லென்று ஆகும். ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பேராக உட்கார்ந்து மாற்றி மாற்றித் தேய்த்தால் கை வலிக்காது. எங்கள் வீட்டில் அம்மாவும் நானும் சேர்ந்துதான் செய்கிறோம்.

முடிந்ததும் மிச்சத் தண்ணீரைப் பிழிந்து வடித்துவிட்டு, உலர்ந்த கண்ணாடிச் சீசாவில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள். தாம்பாளத்திலேயே ராத்திரி விட்டுவைத்தால் பச்சை ஏறிவிடும், பிறகு அதை எறிய வேண்டியதுதான். இதில் கெடாமல் இருக்க எதுவும் சேர்ப்பதில்லை. அதனால் கொஞ்சமாகச் செய்யுங்கள், உலர்ந்த கரண்டியால் எடுங்கள், புளித்த வாடை வந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். படுக்கப் போகும்போது மெல்லியதாகப் பூசி, காலையில் கழுவிவிடுங்கள். பரு உள்ள முகத்துக்கு வேண்டாம். பகலில் இதைப் பூசிக்கொண்டு வெயிலுக்குப் போக வேண்டாம்.

என் குளியல் பொடி

பச்சைப்பயறு 250 கிராம், காய்ந்த ஆவாரம்பூ 50, பன்னீர் ரோஜா இதழ் 50, வெட்டிவேர் 50, மஞ்சிட்டி 25. இவ்வளவுதான். கடலைப்பருப்பு, பூலாங்கிழங்கு எல்லாம் சேர்ப்பவர்கள் உண்டு. அரிக்கிற தோலுக்குச் சாமான் குறையக் குறைய நல்லது. தடித்தால் எதனால் தடித்தது என்று கண்டுபிடிக்கவாவது முடியும். மஞ்சள் சேர்ப்பதாக இருந்தால் கஸ்தூரி மஞ்சள் ஒரு 10 கிராம், அதுவும் உங்களுக்கு முன்பே ஒத்துக்கொண்டதாக இருந்தால் மட்டும். மஞ்சளே அலர்ஜியானவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பூவையும் இதழையும் நிழலில் உலர்த்துங்கள். வெட்டிவேர் மிக்சியில் அரைபடாது, பிளேடில் சுற்றிக்கொள்ளும். கத்தரிக்கோலால் அரை விரல் நீளத்துக்கு வெட்டி, மொறுமொறுவென்று காயவைத்து எல்லாவற்றோடும் மில்லுக்குக் கொண்டுபோங்கள். மில்லில் உங்களுக்கு முன்னால் என்ன அரைத்தார்கள் என்று கட்டாயம் பாருங்கள். மிளகாய் ஓடிய மெஷினில் நம் பொடியைப் போட்டால் எந்த மூலிகையும் காப்பாற்றாது. சீயக்காய் அரைக்கிற மெஷின் இருந்தால் நல்லது. இல்லையென்றால் அரிசியோ பயறோ ஓடி முடிந்ததும் கொடுங்கள். அரைத்ததை மெல்லிய துணியில் சலித்து எடுங்கள். கப்பி நின்றால் தேய்க்கும்போது தோலைக் கீறும்.

சாயங்காலக் குளியலுக்குத் தண்ணீரிலோ புளிக்காத மோரிலோ குழைத்து, தேய்க்காமல் தடவிக் கழுவுங்கள். முகத்தில் காய்ந்து இறுகுகிற வரை விடாதீர்கள். இறுகினால் எரிச்சல்தான் மிச்சம். புதிதாக எந்தப் பொடியோ எண்ணெயோ ஆரம்பித்தாலும் முழங்கையின் உள்பக்கம் ஒரு ரூபாய் அளவுக்குப் பூசி, இரண்டு ராத்திரி பார்த்துவிட்டு முகத்துக்குக் கொண்டுபோங்கள்.

நால்பாமராதி எண்ணெய் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நால்பால் மரப்பட்டைகளோடு மஞ்சளும் சேர்த்துக் காய்ச்சுகிற எண்ணெய். வெயிலில் கறுத்த கைகால் தெளிய எங்கள் ஊரில் இதைத்தான் சொல்வார்கள். சிவப்பும் அரிப்பும் முழுக்க அடங்கிய பிறகு, சாயங்காலக் குளியலுக்கு அரை மணி முன்பு தடவி, பயற்றம்பொடி போட்டுக் குளித்துவிடுங்கள். மஞ்சள் கறை போகாது, பழைய துணி உடுத்திக்கொள்ளுங்கள். அதைப் பூசியபடி வெளியே கிளம்ப வேண்டாம். முகத்துக்குப் போடுகிற குங்குமாதித் தைலமும் அப்படித்தான், இரவு மட்டும், இரண்டு மூன்று சொட்டு. லேபிளில் தயாரிப்பு உரிமம் எண்ணும் காலாவதித் தேதியும் இல்லாத குப்பி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள்.

உள்ளுக்கு

புளிப்பும் உப்பும் காரமும் பித்தத்தைக் கூட்டும், இனிப்பும் கசப்பும் துவர்ப்பும் தணிக்கும் என்பது ஆயுர்வேதக் கணக்கு. வெயில் காலத்தில் ஊறுகாயையும் வற்றல் குழம்பையும் நான் குறைத்துவிடுவேன்.

நன்னாரிக்கு வேராக வாங்கி வாருங்கள். சர்பத் குப்பியில் பெரும்பாலும் சர்க்கரைதான். வேரை அம்மியில் தட்டினால் நடுவில் கட்டையாக ஒரு நரம்பு பிரியும், அதை எடுத்துவிடுங்கள், வாசனையெல்லாம் மேல்தோலில்தான். ஒரு சின்னப் பிடியை மண்பானைத் தண்ணீரில் ராத்திரி போட்டால் காலையில் மணக்கும். அதை ஒரு குப்பியில் மைதானத்துக்கு எடுத்துப் போகிறேன். நெற்பொரியை ஒரு கைப்பிடி வெந்நீரில் ஊறவைத்து வடித்து, கொஞ்சம் கற்கண்டு போட்டுக் குடித்தால் வெயிலில் வாடி வருகிற பிள்ளைகளுக்கு நல்ல தெம்பு. கடையில் நெற்பொரியென்று கேட்டு வாங்குங்கள். மசாலா சேர்க்கிற அரிசிப்பொரி வேறு.

சீந்தில், மஞ்சிட்டி இவற்றைக் கஷாயமாகவோ மாத்திரையாகவோ நீங்களாகச் சாப்பிடாதீர்கள். சீந்தில் சாப்பிட்டுக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்கள் இருக்கிறார்கள். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தன்னைத் தாக்குகிற நோய் இருப்பவர்களுக்கு அது இன்னும் ஆகாது. கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் டாக்டரைக் கேட்காமல் உள்ளுக்கு எதுவும் எடுக்க வேண்டாம்.

எப்போது டாக்டர்

கன்னத்திலும் மூக்கின் மேலும் பட்டாம்பூச்சி சிறகு விரித்ததுபோல் சிவந்து, கூடவே மூட்டு வலி, வாய்ப்புண், முடி கொட்டுவது, விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்தால், எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற லூபஸ் என்ற நோயாக இருக்கலாம். இது இளம்பெண்களுக்குத்தான் அதிகம் வருகிறது. வெயில் அலர்ஜி என்று கற்றாழை பூசிக்கொண்டு நாளைக் கடத்தாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். வெயில் பட்ட புறங்கையில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்து தோல் லேசில் உரிந்தால், சின்னக் குழந்தைக்குக் கொஞ்ச வெயிலுக்கே தோல் வெந்து நிறையப் புள்ளிகள் விழுந்தால், வெயிலில் சுட்ட பிறகு காய்ச்சலோ வாந்தியோ மயக்கமோ வந்தால், அன்றைக்கே போங்கள்.

சிவப்பாக வேண்டும் என்று மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடுகிற கிரீமையும் டாக்டரிடம் காட்டுங்கள். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மோமெட்டசோன் என்று டியூப்பில் இருந்தால் அது ஸ்டீராய்டு. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாதது, ஆனால் கேட்டால் கிடைத்துவிடுகிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, வெயிலில் கால் வைத்தாலே முகம் எரியும். பத்தாம் வகுப்புப் பிள்ளைகளே போட்டுக்கொண்டு வருகிறார்கள். பதறி ஒரே நாளில் நிறுத்தினாலும் முகம் சிவந்து பொங்கும். மூலிகையை அதன் மேல் பூசி அடக்கப் பார்க்காதீர்கள். டியூப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போய், எப்படிப் படிப்படியாக நிறுத்துவது என்று கேளுங்கள். அது முழுக்க விலகித் தோல் ஆறிய பிறகு வெட்டிவேர்த் தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கலாம்.